1-11: பர்டியூவில் ஒரு தோல்விப் பருவம்

2024 ஆகஸ்ட் 31 அன்று பர்டியூ பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணி, இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணியை 49-0 என்று துவைத்து எடுத்தது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஹட்சன் கார்டு, 25 வீச்சில் 24-ஐச் சக வீரர்களிடம் சரியாகச் சேர்த்தார். அந்த சீசனில் பர்டியூ ஜெயித்த ஒரே ஆட்டம் அதுதான். அப்புறம் வரிசையாகப் பதினொரு தோல்வி. நவம்பர் 30-ஆம் தேதி, பரம வைரியான இண்டியானா பல்கலைக்கழகத்திடம் 66-0. மறுநாளே தலைமைப் பயிற்சியாளர் ரயன் வால்டர்ஸுக்கு வேலை போனது.

நான் அப்போது, பர்டியூ இருக்கும் இண்டியானா மாநிலத்து வெஸ்ட் லஃபாயெட்டில் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. ஊரில் நடந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை ராஸ்-ஏட் அரங்குக்குள் இருந்தே பார்த்தேன். தோற்கிற அணியைப் பார்ப்பதற்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது, அது தானாக வராது, கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் பலர் இதே மாதிரி ஏதோ ஒரு ஊரில், இதே மாதிரி ஏதோ ஒரு அணியோடு மாட்டிக்கொள்ளத்தான் போகிறார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாலு முயற்சிக்குள் பந்தைப் பத்து கஜம் முன்னால் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் மறுபடி நாலு முயற்சி கிடைக்கும். மூன்று முயற்சி வீணானால், நாலாவதில் பெரும்பாலும் பந்தை ஓங்கி உதைத்து எதிரணியைத் தூரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பெயர் பண்ட். கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. அதற்கப்புறம் உதைத்து ஒரு புள்ளி சேர்க்கலாம், அல்லது துணிந்து இன்னொரு முறை கோட்டைத் தாண்டி இரண்டு எடுக்கலாம். தூண்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று. இவ்வளவு தெரிந்தால் ஒரு சீசன் ஓட்டிவிடலாம்.

பர்டியூ ஏதோ சாதாரண இடம் என்று நினைத்துவிட வேண்டாம். நீல் ஆம்ஸ்ட்ராங் படித்த இடம். பின்னால் பெரும் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸ் ஆடிய அணி. 2024 ஏப்ரலில்தான் கூடைப்பந்து அணி தேசிய இறுதி ஆட்டம் வரைக்கும் போய் யூகானிடம் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) தோற்றிருந்தது. ஊரே கண்ணீரும் பெருமையுமாக இருந்தது. ஃபுட்பாலிலும் 2022-இல், பர்டியூ ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான பிக் டென்னின் மேற்குப் பிரிவை ஜெயித்த அணிதான். அந்த டிசம்பரில் பயிற்சியாளர் ஜெஃப் பிரோம் தன் சொந்த ஊரான லூயிவில்லுக்குப் போய்விட்டார். அடுத்து வந்த வால்டர்ஸின் முதல் ஆண்டு 4-8, அதாவது நாலு வெற்றி, எட்டுத் தோல்வி. இரண்டாவது ஆண்டுதான் நான் சொல்கிற ஆண்டு.

எனக்கு ஆட்டத்தின் மேல் முதலில் பெரிய ஈடுபாடு எதுவும் இல்லை. எங்கள் மாணவர் அமைப்புக்குப் பொங்கல் விழா நடத்தப் பணம் தேவைப்பட்டது. அரங்கின் தின்பண்டக் கவுண்ட்டர்களில் இந்த மாதிரி குழுக்கள் தன்னார்வமாக நின்று விற்றால், விற்பனையில் ஒரு பங்கு குழுவின் கணக்குக்கு வரும். சர்ச் குழுக்கள், பள்ளிக்கூட பேண்டு குழுக்கள் எல்லாம் இப்படித்தான் நிதி திரட்டுகின்றன. (எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதற்குப் பெயர் கொடுக்கும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. தன்னார்வப் பணி என்று யார் சொன்னாலும் கேட்டுவிடுங்கள்.) கையுறை போட்டுக்கொண்டு ஹாட்டாக், நாச்சோ, பிரெட்ஸல் எடுத்துக் கொடுப்பதும் கார்டு தேய்ப்பதும்தான் வேலை. ஒரு ஆட்டம் கவுண்ட்டர், அடுத்த ஆட்டம் மாணவர் பகுதியில் டிக்கெட் என்று மாறி மாறிப் போனேன்.

செப்டம்பர் 14, நாட்டர் டேம் ஆட்டம். அரங்கம் நிரம்பி வழிந்தது. காலையிலேயே பிரேக்ஃபாஸ்ட் கிளப் என்ற பெயரில் மாணவர்கள் வாழைப்பழம், டைனோசர், போலீஸ்காரர் என்று வேஷம் கட்டிக்கொண்டு சான்ஸி பகுதி பார்களின் வாசலில் வரிசை கட்டியிருந்தார்கள். உலகிலேயே பெரியது என்று அவர்கள் சொல்லிக்கொள்ளும் பேரிகையை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ரயில் எஞ்சின் வடிவத்தில் செய்த வண்டி ஊளையிட்டுக்கொண்டு போனது. இவ்வளவு ஏற்பாட்டுக்கும் அப்புறம் இடைவேளையில் நாட்டர் டேம் 42, நாங்கள் 0.

ஸ்கோர் பலகை தெரியாத இடத்தில் நின்றாலும் கவுண்ட்டரில் எல்லாம் தெரிந்துவிடும். நெருக்கமான ஆட்டம் என்றால் இடைவேளையில் மட்டும் கூட்டம் முட்டும், மற்ற நேரம் ஈ ஓட்டலாம். மோசமாகத் தோற்கிற ஆட்டத்தில் இரண்டாம் குவார்ட்டரிலேயே (ஆட்டத்தின் நாலு பகுதிகளில் இரண்டாவது) வரிசை வந்துவிடும். ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து வருகிறவர்கள் அவர்கள். எதை வாங்குவது என்று அவர்களுக்கே தெரியாது. மூன்றாம் குவார்ட்டரில் யாருமே இருக்க மாட்டார்கள், சூடாக்கி வைத்த ஹாட்டாக்கெல்லாம் மீந்துவிடும். அன்று முடிவு 66-7. கருப்பும் தங்கமுமாக உடுத்தி வந்த எங்கள் கூட்டம் வெளியேறிய பிறகு நாட்டர் டேமின் பச்சைச் சட்டைக்காரர்கள் மட்டும் நிதானமாக வந்து பாப்கார்ன் வாங்கினார்கள்.

எங்கள் துறையின் மெஷின் ஷாப்பில் ஒரு பெரியவர் இருந்தார். என் சோதனைக்கான உதிரிப் பாகங்களை அவர்தான் கடைந்து கொடுப்பார். சீசன் டிக்கெட்டைப் பல காலமாக விடாமல் புதுப்பிக்கிறவர். திங்கட்கிழமை அவரிடம் போய் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்திவிட்டு, "1985-லேருந்து 1996 வரைக்கும் நாங்க ஒரு சீசன்கூட வெற்றிக் கணக்கில் முடிக்கல, தெரியுமா? அப்பவும் போயிட்டுத்தான் இருந்தேன்" என்றார். 2013-இலும் இதே 1-11 தான் என்றும் அவர்தான் சொன்னார். அந்த வருஷமும் ஜெயித்த ஒரே ஆட்டம் இதே இண்டியானா ஸ்டேட்டோடு. பெரிய பல்கலைக்கழகங்கள் சிறிய பிரிவு அணிகளுக்குப் பணம் கொடுத்து ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வரவழைத்து ஆடும் ஆட்டம் அது. அதில் ஜெயித்ததை வைத்து எதையும் கணிக்காதே என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்.

இரண்டாவது பாடம்தான் எனக்கு மிகவும் உதவியது. பந்தைப் பார்க்காதே, வரிசையைப் பார் என்றார். பந்து கிளம்பும் இடத்தில் ஐந்து தடியர்கள் குனிந்து நிற்பார்கள், அஃபென்ஸிவ் லைன். குவார்ட்டர்பேக்கைக் காப்பதும், ஓடுகிறவனுக்கு வழி திறப்பதும் அவர்கள். பந்து கிளம்பியதும் இரண்டு விநாடி அவர்களை மட்டும் பார்த்தால், அந்த ஆட்டம் எங்கே போகிறது என்று ஸ்கோர் பலகைக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். பின்னால் தள்ளப்படுகிறார்களா, நின்ற இடத்தில் நிற்கிறார்களா, முன்னால் போகிறார்களா. தோற்கிற அணியின் ரசிகனுக்கு மூன்று மணி நேரம் பார்க்க ஏதாவது வேண்டும் அல்லவா, அது அங்கே இருக்கிறது. இன்னொன்று, பண்ட் அடிக்கிறவனைப் பார்ப்பது. ஜெயிக்கிற அணியில் அவனை யாரும் கவனிப்பதில்லை, வேலையும் இருக்காது. தோற்கிற அணியில் அவன்தான் ஓய்வில்லாத மனிதன். பந்து எவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறது, எதிரணியை எந்தக் கோட்டுக்குள் மடக்குகிறான் என்று பார்க்கப் பழகிவிட்டால் அதுவே தனி விளையாட்டாகிவிடும்.

செப்டம்பர் 28, நெப்ராஸ்கா ஆட்டத்தில் முதல் பாதி 0-0. கைதட்டிக்கொண்டே இருந்தோம். இரண்டாம் பாதியில் சரிந்து 28-10. தாக்குதலுக்குப் பொறுப்பான பயிற்சியாளரை அடுத்த நாள் நீக்கினார்கள். விஸ்கான்சினில் 52-6.

இதற்கப்புறம் வந்தது இல்லினாய் ஆட்டம். அக்டோபர் 12, வெளியூர். நாங்கள் நாலைந்து பேர் அபார்ட்மெண்ட் ஹாலில் உட்கார்ந்து பார்த்தோம், பாதிப் பேர் மடிக்கணினியில் அசைன்மெண்ட் எழுதிக்கொண்டு. ஹட்சன் கார்டுக்குத் தலையில் அடி, அதனால் ரயன் பிரவுன் என்ற இளைஞனுக்கு முதல் வாய்ப்பு. இருபது புள்ளிக்கு மேல் பின்தங்கியிருந்த அணி இரண்டாம் பாதியில் எழுந்தது பாருங்கள், மடிக்கணினி எல்லாம் மூடியாகிவிட்டது. கடைசி நிமிஷத்தில் பர்டியூ முன்னிலை. மிச்சமிருந்த விநாடிகளில் இல்லினாய் உதைத்துச் சமன் செய்தது. ஓவர்டைமில் அவர்கள் டச்டவுன் அடித்து ஏழு எடுத்தார்கள். நம்மவர்களும் டச்டவுன் அடித்தார்கள். இப்போது உதைத்து ஒன்று எடுத்தால் ஆட்டம் தொடரும். இரண்டுக்குப் போனால் அதோடு முடிவு. வால்டர்ஸ் இரண்டுக்குப் போனார். கிடைக்கவில்லை. 50-49.

அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. 66-7 தோற்ற அன்று இப்படி இல்லை, சிரித்துக்கொண்டே பிரியாணி தின்றோம். தோல்விகளில் வகை இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். ஐம்பது புள்ளி வித்தியாசத் தோல்வியில் கற்க எதுவும் இல்லை. ஆள் பலம் இல்லை, அவ்வளவுதான். ஒரு புள்ளித் தோல்வியைத்தான் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும். மெஷின் ஷாப் பெரியவர் இரண்டுக்குப் போனது சரி என்றார். அந்த முயற்சி பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் பலிக்கும், ஆனால் களைத்துப்போன பலவீனமான அணி ஆட்டத்தை நீட்டினால் பலசாலிக்குத்தான் லாபம் என்பது அவர் கணக்கு. எனக்கு அதில் முழு உடன்பாடு. பலிக்காத முடிவெல்லாம் தவறான முடிவு என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு விளையாட்டைப் பற்றிப் பேசவே முடியாது.

இந்தப் பழக்கத்தை ஆய்வகத்துக்கும் கொண்டுபோனேன். ஃபுட்பால் பயிற்சியாளர்கள் பலர் பின்பற்றும் ஒரு நாள் விதி இருக்கிறது: ஜெயித்தாலும் தோற்றாலும் இருபத்துநாலு மணி நேரம்தான் அதைப் பற்றி நினைக்கலாம், அப்புறம் வீடியோவைப் போட்டுப் பார்த்து அடுத்த வாரத்துக்குத் தயாராக வேண்டும். சோதனை சொதப்பிய நாளில் நான் புலம்பலாம், அம்மாவுக்கு ஃபோன் போடலாம். மறுநாள் மாலை, குறிப்பேட்டைத் திறந்து எந்தப் படியில் போனது என்று மட்டும் எழுத வேண்டும். எல்லாப் படியும் போயிருந்தால் அது 66-7, விட்டுவிட்டு வேறு வழி யோசிக்கலாம். ஒரே படிதான் போயிருக்கிறது என்றால் அதைத் திரும்பச் செய்து பார்ப்பதில் அர்த்தம் உண்டு. அம்மாவும் சனிக்கிழமைகளில் முதல் கேள்வியாக, "உங்க காலேஜ் இன்னைக்காவது ஜெயிச்சுதாடி?" என்று கேட்கப் பழகிவிட்டாள். மதுரையில் அப்போது இரவாகியிருக்கும்.

அக்டோபர் 18, வெள்ளி இரவு, ஆரிகன். அப்போது நாட்டின் இரண்டாம் இடத்து அணி. பர்டியூவுக்கு ஒரு பெயர் உண்டு, முன்னணி அணிகளின் கனவைக் கெடுக்கிற அணி என்று. 2018-இல் இரண்டாம் இடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டை இதே மைதானத்தில் 49-20 என்று கவிழ்த்தது. எலும்புப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த டைலர் டிரெண்ட் என்ற மாணவர், ஜெயிப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அன்று அரங்கில் இருந்தார். 2019 ஜனவரி 1 அன்று இறந்துபோனார். மாணவர்கள் நுழையும் வாசலுக்கு அவர் பெயர்தான். அந்த வாசல் வழியாகப் போகும்போது யாருக்குத்தான் ஒரு நப்பாசை வராது? 2018 அணிகூட முதல் மூன்று ஆட்டத்தையும் தோற்றுத்தான் தொடங்கியது. ஆனால் அன்று 35-0. ஒரு புள்ளிகூட இல்லை.

நவம்பர் 2, நார்த்வெஸ்டர்ன். என்னைக் கேட்டால் மொத்த சீசனிலும் மனசு விட்டுப்போன ஆட்டம் இதுதான். எதிரணியும் சுமார்தான். 20-20 சமன், ஓவர்டைமில் 26-20. ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாரம் ஒஹாயோ ஸ்டேட்டில் 45-0, அதற்கடுத்து பென் ஸ்டேட்டோடு ஊரில் 49-10.

இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். 2024-இல்தான் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. அந்தப் பன்னிரண்டில் ஐந்து அணிகளோடு பர்டியூ மோதியிருக்கிறது: நாட்டர் டேம், ஆரிகன், ஒஹாயோ ஸ்டேட், பென் ஸ்டேட், இண்டியானா. இறுதி ஆட்டத்தில் மோதிய இரண்டு அணிகளும் இதில் அடக்கம். ஐந்து ஆட்டத்திலும் சேர்த்து நாம் எடுத்தது 17 புள்ளி, கொடுத்தது 261. ஆரிகன் உள்படப் புதிதாக நாலு அணிகள் சேர்ந்து பிக் டென் பதினெட்டு அணியாகி, பிரிவுகளும் கலைந்த முதல் ஆண்டு அது. கூடவே டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது வீரர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான ஏற்பாடு. முந்தைய ஆண்டு பிக் டெனிலேயே அதிக சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு மடக்கி வீழ்த்துவது) எடுத்த நிக் ஸ்கார்ட்டன் டெக்சஸ் ஏ அண்டு எம்முக்குப் போய்விட்டார், வீசும் பந்தைப் பிடிக்கும் முன்னணி ரிசீவர் டியான் பர்க்ஸ் ஓக்லஹோமாவுக்கு. 2021-லிருந்து மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றான பிறகு, நடுத்தர அணி வளர்த்துவிடும் நல்ல வீரனைப் பெரிய அணி தூக்கிக்கொண்டு போவது சாதாரணமாகிவிட்டது. வீரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேலை நீக்கப்பட்ட பயிற்சியாளருக்கு 90 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது என்று செய்தி வந்தபோது, இருபது வயதுப் பையன் தன் விலையைக் கேட்பதில் என்ன தப்பு என்றுதான் தோன்றியது.

அந்தப் பையன்களைப் பற்றி ஒன்று. நான் டிஏவாக (ஆசிரியருக்கு உதவியாளர்) இருந்த வகுப்பில் ஃபுட்பால் ஆடுகிறவர்களும் உண்டு. மோசமாகத் தோற்ற சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள் காலை வகுப்புக்குச் சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டத்தைப் பற்றி நாம் எதுவும் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. மற்ற அமெரிக்க நண்பர்களிடம் பேசும்போதும், "வெறும் விளையாட்டுதானே" என்று ஆறுதல் சொல்லாதீர்கள், அதை விடக் கோபமூட்டும் வார்த்தை அங்கே இல்லை. "எத்தனை வருஷமாப் பார்க்கறீங்க?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள். தாத்தா காலத்துக் கதையெல்லாம் வரும். வந்த முதல் வருஷம் யாரோடு என்ன பேசுவது என்று திணறிக்கொண்டிருந்த எனக்கு, ஊரோடு ஒட்ட வழி கிடைத்தது இந்தக் கேள்வியால்தான்.

நவம்பர் குளிர் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. உட்காரும் பெஞ்சுகள் அலுமினியம். கோட்டு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் குளிர் கீழேயிருந்துதான் ஏறும். ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்துக் காலுக்கடியில் போட்டுக்கொள்ளுங்கள், உட்கார ஒரு பழைய போர்வை. பருத்திச் சாக்ஸ் வேண்டாம், கம்பளி. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையைத்தான் உள்ளே விடுவார்கள், முதுகுப்பையோடு போய் வாசலில் நிற்காதீர்கள். டிக்கெட் ஃபோனில்தான், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், முழுசாக சார்ஜ் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். விலையைப் பற்றிக் கவலை வேண்டாம்: தோற்கிற அணிக்கு நவம்பரில் மறுவிற்பனை டிக்கெட், பார்க்கிங் கட்டணத்தை விட மலிவாகக் கிடைத்தது.

இண்டியானாவோடு ஆடும் ஆட்டத்துக்குப் பரிசு, ஒரு பழைய ஓக் மர வாளி. 1925-லிருந்து. ஜெயிக்கிறவர்கள் தங்கள் எழுத்தைச் சங்கிலியில் கோர்ப்பார்கள், ஐ அல்லது பி. முதல் ஆண்டு 0-0 சமனானதால் முதல் வளையத்தில் இரண்டு எழுத்தும் இருக்கும். 2024-இல் கர்ட் சிக்னெட்டி என்ற புதுப் பயிற்சியாளர் வந்து, காலகாலமாகத் தோற்றுக்கொண்டிருந்த இண்டியானாவை ஒரே வருஷத்தில் தூக்கி நிறுத்தியிருந்தார். வாளிக்காக நடந்த ஆட்டங்களில் 66 புள்ளி வித்தியாசம் இதற்குமுன் வந்ததே இல்லை. தேங்க்ஸ்கிவிங் விடுமுறை, ஊர் காலி. நான் மூன்றாம் குவார்ட்டரில் டிவியை அணைத்துவிட்டு ரசம் வைத்தேன்.

2025 ஐபிஎல்லில் சிஎஸ்கே பதினாலு ஆட்டத்தில் நாலு மட்டும் ஜெயித்து, வரலாற்றிலேயே முதல்முறையாகக் கடைசி இடம் போனபோது தம்பி மதுரையிலிருந்து தினமும் புலம்பினான். ஸ்கோரை விடு, அந்தப் புதுப் பையன் ஆயுஷ் மாத்ரேயை மட்டும் பார் என்றேன். பதினேழு வயசு. பெங்களூருவுக்கு எதிராக 94 அடித்தான், சிஎஸ்கே இரண்டு ரன்னில் தோற்றது. தம்பி அன்று ராத்திரி எனக்கு ஃபோன் பண்ணி அந்த இன்னிங்ஸைப் பற்றி மட்டுமே பேசினான்.

பர்டியூவுக்குப் பாரி ஓடம் புதுப் பயிற்சியாளராக வந்தார். அணியில் பெரும்பாலும் புது முகங்கள். 2025-இல் முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்து, மீதி பத்தையும் தோற்றார்கள். பெரியவர் டிக்கெட்டைப் புதுப்பித்துவிட்டார் என்று தெரியும். புதிதாக அங்கே போகிறவர்களுக்கு என் யோசனை: ஆகஸ்ட் கடைசி ஆட்டத்துக்கும், பெரிய பெயர் எதிரணி வரும் ஆட்டத்துக்கும் காசைக் கொட்டாதீர்கள். அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ, நம்மைப் போலவே தட்டுத் தடுமாறும் ஒரு அணி வரும் நாளாகப் பார்த்துப் போங்கள். கடைசி வரை யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாது, கூட்டமும் இருக்காது. மூன்றாம் குவார்ட்டர் முடிந்ததும் கீழே வரிசைகள் காலியாகிவிடும். இறங்கிப்போய் முன்னால் உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தடியர்கள் மோதிக்கொள்ளும் சத்தம் அங்கேதான் நன்றாகக் கேட்கும்.